ஒரு மனை, ஐந்து புத்தகம்!

ஆவடிக்கு வடக்கே இருக்கிறது வெள்ளானூர். வண்டலூரில் தொடங்கி மீஞ்சூரில் முடியும் வெளிவட்டச் சாலை அந்தப் பக்கமாகத்தான் போகிறது. 62 கிலோ மீட்டர் நீளமுள்ள சாலை. சாலை வந்தால் மனை விற்பனை வரும். கொடி கட்டுவார்கள். கல் நடுவார்கள். வேனில் ஏற்றிக் கொண்டு போய்க் காட்டுவார்கள்.

அங்கே ஒரு குடும்பம் ஒரு கிரவுண்டு மனை வாங்கப் போகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். கணவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. மனைவி சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் கொஞ்சம். போதாததற்கு வளையல்களும் அடகுக் கடைக்குப் போய்விட்டன.

"ஏங்க, மனை யாருடையதுன்னு நல்லா விசாரிச்சீங்களா?" என்று கேட்கிறாள் மனைவி.

"பத்திரத்தைப் பார்த்தேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்கிறார் கணவர்.

பத்திரம் மட்டும் பார்த்தால் போதுமா? போதாது! அந்த ஒரு மனையைப் பற்றிய விவரம் ஒரே இடத்தில் இல்லை. ஐந்து புத்தகங்களில் சிதறிக் கிடக்கிறது.

என்னென்ன புத்தகங்கள்?

முதல் புத்தகத்துக்கு "அ பதிவேடு" என்று பெயர். ஊரில் உள்ள நிலம் முழுவதும் அதில் சர்வே எண் வரிசையில் எழுதப்பட்டிருக்கும். இந்த எண் நன்செய், இந்த எண் புன்செய், இது புறம்போக்கு, இது ஏரி என்று அதைப் பார்த்துத் தெரிந்து கொள்ளலாம்.

இரண்டாவது, சிட்டா. இது ஆள் வரிசை. ஒரு பட்டாதாரருக்கு ஊரில் எங்கெங்கே, எவ்வளவு நிலம் இருக்கிறது என்று இதில் இருக்கும். இப்போது பட்டாவும் சிட்டாவும் சேர்ந்து ஒரே தாளாகக் கிடைக்கின்றன.

மூன்றாவது, அடங்கல். எந்தப் புலத்தில் இந்த ஆண்டு என்ன பயிர் என்பதை ஆண்டுக்கு ஆண்டு எழுதி வருவது இதில்தான்.

நான்காவது, புலப்படம். நிலத்தின் வடிவம், பக்கங்களின் அளவு, எல்லைக் கல் இருக்கும் இடம் ஆகியவை இதில் இருக்கும்.

இந்த நான்கும் வருவாய் இலாகா, நில அளவை இலாகா பக்கத்துச் சமாசாரம். ஐந்தாவது வேறு இலாகா. அது சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. யார் யாருக்கு விற்றார், யார் அடமானம் வைத்தார், யார் தானம் கொடுத்தார் என்று 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி அங்கே பதிந்து வைக்கிறார்கள். அதிலிருந்து எடுத்துத் தருவதுதான் வில்லங்கச் சான்று.

ஐந்தோடு முடிந்ததா என்றால் இல்லை. ஊராட்சியில் வீட்டு வரிப் புத்தகம் தனி. மனைப்பிரிவு ஒப்புதல் சி.எம்.டி.ஏ.வில். வழக்கு இருந்தால் அது கோர்ட்டில். அவற்றையும் எண்ணினால் தலைப்பை மாற்ற வேண்டி வரும்!

நடமாடும் புத்தகம்

அந்தக் காலத்தில் இந்தப் புத்தகங்களை எல்லாம் சேர்த்துப் பார்க்க ஒருவர் இருந்தார். கர்ணம்! கணக்குப்பிள்ளை என்றும் சொல்வார்கள். "அந்தப் புளியமரத்து நிலம் யாருடையது?" என்று கேட்டால் போதும். பட்டா யார் பெயரில், பங்காளிகள் எத்தனை பேர், எவ்வளவு கடன், போன ஆண்டு என்ன பயிர் என்று மூச்சு விடாமல் சொல்லிவிடுவார். ஐந்து புத்தகமும் அவர் தலைக்குள் ஒரே பக்கமாக இருந்தன.

வசதிதான். ஆனால், அந்தப் பக்கத்தை அவர் ஒருவர்தான் படிக்க முடியும். அவருக்கு வேண்டியவர் கேட்டால் ஒரு பதிலும், வேண்டாதவர் கேட்டால் வேறு பதிலும் வரலாம். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவன் கைகட்டி நிற்பதைத் தவிர வேறு வழி இல்லை.

1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கிராம முன்சீப், கர்ணம் பதவிகள் ஒழிக்கப்பட்டன. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பரம்பரைப் பதவி போனது நல்லதே. ஆனால், கர்ணத்தின் தலைக்குள் இருந்த அந்த ஒரே பக்கமும் அவரோடு போய்விட்டது. புத்தகங்கள் மட்டும் தனித் தனியாக நின்றன.

இன்று அந்தப் பக்கத்தைக் கம்ப்யூட்டர் எழுதிக் கொடுக்கிறது. யாருக்கும் வேண்டியவரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை. ஆனால் அதற்கும் சில குணங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்து கொள்ளாமல் அதை நம்பினால், பழைய கர்ணத்தை நம்பியதைவிட மோசமாகிவிடும்.

கண்ணாடியும் போட்டோவும்

கம்ப்யூட்டரில் விவரங்களைக் கட்டம் கட்டமாகப் போட்டு வைக்கிறார்கள். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு மாதிரி. ஒவ்வொரு புத்தகமும் ஓர் அட்டவணை. பல அட்டவணைகள் சேர்ந்தது டேட்டாபேஸ்.

இந்த முறைக்கு வழி காட்டியவர் எட்கர் காட் என்பவர். இங்கிலாந்துக்காரர். இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். பிறகு அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்தார். "ஒரு விஷயத்தை ஓர் இடத்தில் மட்டும் எழுதி வையுங்கள். வேண்டும்போது அட்டவணைகளைச் சேர்த்துப் பார்த்துக் கொள்ளலாம்" என்பது அவர் யோசனையின் சாரம். அதை 1970-ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். இன்று பாங்கி, ரெயில்வே, ரேஷன் கடை எல்லாம் அந்த வழியில்தான் கணக்கு வைக்கின்றன.

அப்படிச் சேர்த்துப் பார்க்கும் பக்கத்துக்கு "வியூ" என்று பெயர். வியூ என்றால் காட்சி. அது புதிய புத்தகம் அல்ல. அதற்கென்று சொந்தமாக ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. முகம் பார்க்கும் கண்ணாடியைப் போன்றது. நீங்கள் எதிரே நின்றால் நீங்கள் தெரிவீர்கள். நெற்றியில் பொட்டை மாற்றினால் கண்ணாடியிலும் மாறும். கண்ணாடியின் மேல் பொட்டு வைத்தால் உங்கள் நெற்றியில் வராது!

வியூவும் அப்படித்தான். நிலத்தின் அளவு தவறாகத் தெரிந்தால் காட்சிப் பக்கத்தைத் திருத்தக் கூடாது. மூலப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். "கம்ப்யூட்டரில் தப்பாக வருகிறது, மாற்றிக் கொடுங்கள்" என்று பலர் இ-சேவை மையத்தில் சண்டை போடுகிறார்கள். அங்கே இருக்கும் பையன் என்ன செய்வான்? அவன் கண்ணாடியைத்தான் காட்டுகிறான். போக வேண்டிய இடம் தாலுகா அலுவலகம்.

அவர் அச்சடித்துக் கையில் கொடுக்கும் தாள் இருக்கிறதே, அது கண்ணாடியும் அல்ல. போட்டோ! எடுத்த நாளில் இருந்த முகம் அதில் இருக்கும். நேற்று எடுத்த வில்லங்கச் சான்றில் இன்று காலை பதிந்த அடமானம் தெரியாது. முன்பணம் கொடுக்கும் நாளில் ஒரு முறை, பத்திரம் பதியும் நாளில் மறுபடி ஒரு முறை பார்க்கச் சொல்வது இதனால்தான்.

எதை வைத்து ஒட்டுவது?

சட்டைக்கும் கைக்கும் தையல் போட இரண்டிலும் ஒரே அளவு ஓரம் வேண்டும். இரண்டு புத்தகங்களைச் சேர்ப்பதற்கும் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் ஒன்று வேண்டும். எது அது?

பெயரா? பெயரை நம்பி இறங்கினால் ஆபத்து. முருகன் என்ற பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். அதில் இரண்டு பேருக்குத் தகப்பனார் பெயரும் ஒன்றாக இருக்கும். ஒரே ஆள் பட்டாவில் "முருகன்", பத்திரத்தில் "முருகேசன்", ரேஷன் கார்டில் "முருகையன்" என்று இருப்பார். கம்ப்யூட்டருக்கு மூன்றும் மூன்று ஆள். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிய பெண்களின் கதையைச் சொல்லவே வேண்டாம்.

ஊர்ப் பெயரா? வெள்ளானூர் என்று எழுதினால் எந்த வெள்ளானூர்? ஆவடிப் பக்கம் ஒன்று இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்திலும் அதே பெயரில் ஊர் உண்டு. "வெள்ளனூர்" என்று குறிலாக எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மாவட்டத்தையும் சேர்த்து எழுதினால்? அதுவும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. திருவள்ளூர் மாவட்டம் பிறந்ததே 1997-ல்தான். அதற்கு முந்திய பத்திரத்தில் செங்கற்பட்டு என்று இருக்கும். இன்று ஆவடி தாலுகா. அதற்கு முன் அம்பத்தூர் தாலுகா. நிலம் ஓர் அங்குலம் நகரவில்லை. அதன் விலாசம் மட்டும் ஊர் ஊராகப் போய் வந்திருக்கிறது!

சரி, சர்வே எண்? அதுதான் உண்மையான தையல் ஓரம். மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் என்று ஐந்தையும் சேர்த்தால் ஒரு துண்டு நிலத்துக்கு ஓர் அடையாளம் கிடைத்துவிடும்.

ஆனால், அங்கும் ஒரு முடிச்சு. 1979-ல் தொடங்கி 1987 வரை தமிழ்நாட்டில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. கிராமம் கிராமமாகப் போய்ப் பட்டாக் கணக்கைப் புதுப்பித்தார்கள். பல இடங்களில் எண்களும் உட்பிரிவுகளும் மாறின. தாத்தா பத்திரத்தில் இருப்பது பழைய எண். பேரன் பட்டாவில் இருப்பது புதிய எண். பழைய எண்ணுக்கு எது புதிய எண் என்ற ஒப்பீட்டைப் பார்க்காமல் வில்லங்கம் போட்டால், "ஒன்றும் இல்லை" என்று சுத்தமான தாள் வரும். சுத்தமாக இருக்காதா பின்னே? பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, "ஆள் இல்லை" என்று திரும்பியதுபோல்தான்!

அளவிலும் வம்பு இருக்கிறது. பத்திரத்தில் சதுர அடி அல்லது சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. சென்ட் கணக்கில் சுமார் ஐந்தரை. ஏர் கணக்கில் சுமார் 2.23. மூன்றும் ஒன்றுதான் என்று தெரியாதவர், பட்டாவைப் பார்த்துவிட்டு "என்ன இது, இரண்டுதானே போட்டிருக்கிறது!" என்று பதறிப் போவார். ஆண்டையும் கேளுங்கள். பத்திரத்தில் 2025 என்று இருக்கும். அடங்கலில் பசலி 1435 என்று இருக்கும். ஜூலையில் பிறக்கும் ஆண்டு அது.

இவற்றை எல்லாம் ஒரே அளவுக்கும் ஒரே ஆண்டுக்கும் மாற்றிக் காட்டுவது வியூ தயாரிப்பவரின் கடமை. படிக்கிறவர் தலையில் கட்டக் கூடாது.

மத்திய சர்க்கார் 2021-ல் ஒரு யோசனையைக் கொண்டு வந்தது. ஒவ்வொரு நிலத் துண்டுக்கும் 14 இலக்கத்தில் ஒரு தனி எண். "பூ-ஆதார்" என்று அதைச் சொல்கிறார்கள். நிலம் பூமியில் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தின் கணக்கை வைத்தே எண் பிறக்கிறது. தாலுகா மாறினாலும், பெயர் மாறினாலும் அந்த எண் மாறத் தேவை இல்லை. இது நல்ல யோசனை. ஐந்து புத்தகத்திலும் அந்த எண்ணை ஏற்றாமல், ஆறாவதாக ஒரு புத்தகத்தில் மட்டும் எழுதி வைத்தால் பயன் இல்லை.

மாயமாய் மறையும் மனை

இப்போது வருவது கொஞ்சம் நுட்பமான விஷயம். பொறுமையாகப் படித்தால் பணம் மிச்சம்.

பட்டாப் புத்தகத்தையும் பதிவுப் புத்தகத்தையும் சேர்க்கிறார்கள். எப்படிச் சேர்க்கலாம்? "இரண்டு புத்தகத்திலும் இருக்கிற நிலத்தை மட்டும் காட்டு" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லலாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால், ஒரு பாட்டியின் நிலம் இருக்கிறது. பாட்டனார் காலத்திலிருந்து கைமாறவே இல்லை. விற்கவும் இல்லை, அடமானமும் இல்லை. பதிவுப் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. இரண்டிலும் இருந்தால்தானே காட்டும்? பாட்டியின் நிலம் காட்சியிலிருந்து மறைந்துவிடும்! யாரும் திருடவில்லை, யாரும் அழிக்கவில்லை. கேள்வி கேட்ட விதம் அப்படி.

ஊரில் எந்த வம்பும் இல்லாத நிலம் காணாமல் போய், நாலு முறை விற்று வாங்கிய நிலம் மட்டும் பளிச்சென்று தெரியும். வேடிக்கைதான். பாட்டிக்கு அது வேடிக்கையாக இருக்காது.

சரியான கேள்வி வேறு. "பட்டாப் புத்தகத்தில் இருக்கிற எல்லா நிலத்தையும் காட்டு. பதிவுப் புத்தகத்தில் ஏதாவது இருந்தால் பக்கத்தில் எழுது. இல்லாவிட்டால் இடத்தைக் காலியாக விடு." இப்படிக் கேட்டால் பாட்டியின் நிலம் அங்கேயே இருக்கும்.

அந்தக் காலி இடத்தில் என்ன எழுதுவது என்பது அடுத்த கேள்வி. "வில்லங்கம் இல்லை" என்று எழுதலாமா? கூடாது. "பதிவு எதுவும் கிடைக்கவில்லை" என்றுதான் எழுத வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. பதியாத உயில் இருக்கலாம். பங்காளிக்கு உரிமை இருக்கலாம். வெள்ளைத் தாளில் எழுதிய ஒப்பந்தம் இருக்கலாம். பதிவுப் புத்தகத்துக்கு அவை தெரியாது. தெரியாததை "இல்லை" என்று சொல்கிற பக்கம் பொய் சொல்கிற பக்கம்.

ஒரு கிரவுண்டு ஆறு கிரவுண்டு ஆன கதை

மறைவது ஒரு கோளாறு. பெருகுவது இன்னொரு கோளாறு.

ஒரு கிரவுண்டு நிலம். அண்ணன், தம்பி இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டா. அந்த நிலத்தைப் பற்றிப் பதிவுப் புத்தகத்தில் மூன்று பத்திரங்கள் இருக்கின்றன. ஒரு கிரயம், ஓர் அடமானம், அடமானம் தீர்ந்த ரசீது. இதை அப்படியே சேர்த்தால் எத்தனை வரி வரும்? மூன்றா? இரண்டா? ஐந்தா?

ஆறு! அண்ணனுக்கு மூன்று பத்திரம். தம்பிக்கு மூன்று பத்திரம். ஒவ்வொரு வரியிலும் நிலத்தின் அளவு 2,400 சதுர அடி என்றே இருக்கும். இதைப் பார்த்து யாராவது கூட்டல் போட்டால் 14,400 சதுர அடி! ஒரு கிரவுண்டு ஆறு கிரவுண்டாகிவிட்டது. வெள்ளானூரில் இப்படி நிலம் பெருகினால் சந்தோஷம்தான். ஆனால் கணக்கில் மட்டும்தான் பெருகுகிறது.

தனி ஆளுக்கு இது சிரிப்பு. சர்க்காருக்கு இது சிரிப்பு அல்ல. வெள்ள நிவாரணம், பயிர்க் காப்பீடு, நிலம் எடுப்புக்கு நஷ்ட ஈடு எல்லாம் இப்படிச் சேர்த்த கணக்கைப் பார்த்துத்தான் பேசப்படும். சேர்ப்பதற்கு முன் மூன்று பத்திரத்தையும் ஒரு சுருக்கமாக மடித்து, இரண்டு பெயரையும் ஒரு வரியில் எழுதி, பிறகுதான் ஒட்ட வேண்டும். சோற்றை வடித்துவிட்டுத்தான் குழம்பு ஊற்றுகிறோம். கஞ்சியோடு ஊற்றினால் யார் சாப்பிடுவது?

நடுவில் இருக்கும் சந்து

எல்லாப் பட்டாவும் ஒரு கணக்கு; எல்லாப் பத்திரமும் ஒரு கணக்கு என்று சொன்னோம் அல்லவா? அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. மோசடிக்காரர்கள் புகுந்து புறப்படுவது அந்தச் சந்தில்தான்.

ஒருவர் நிலத்தை விற்றுவிடுகிறார். பதிவுப் புத்தகம் உடனே மாறிவிடும். பட்டாப் புத்தகம்? அது வேறு இலாகா. வாங்கியவர் மனுப் போட்டு, அது நகர்ந்து, பட்டா மாறுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதுவரை பட்டா பழையவர் பெயரில்தான் இருக்கும். அவர் அதைக் காட்டி இன்னொருவரிடமும் முன்பணம் வாங்கிக் கொண்டு போய்விடுவார். இரண்டாவது ஆள் பட்டாவை மட்டும் பார்த்தவர். ஐயோ பாவம்!

தமிழ்நாட்டில் இந்தச் சந்தை அடைக்கும் வேலை நடந்திருக்கிறது. வருவாய் இலாகாவின் கம்ப்யூட்டர் கணக்குக்குத் "தமிழ் நிலம்" என்று பெயர். பதிவுத் துறையில் "ஸ்டார்" திட்டம் 2000-ல் வந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 2018-ல் வந்தது. இப்போது பத்திரம் பதியும்போதே தமிழ் நிலக் கணக்கைப் பார்க்கிறார்கள். ஒரு புலம் முழுவதையும் உட்பிரிவு செய்யாமல் விற்றால், பதிந்ததும் பட்டா தானாகவே மாறும் வழி இருக்கிறது. "எங்கிருந்தும் எந்நேரமும்" என்ற பெயரில் பட்டாவையும், அ பதிவேட்டையும், புலப்படத்தையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். வில்லங்கத்தையும் பதிவுத் துறையின் பக்கத்தில் கட்டணம் இல்லாமல் பார்க்க முடிகிறது. சர்க்காரின் புவியியல் தகவல் வரைபடத்தில் ஒரு புலத்தைத் தொட்டால் அதன் விவரங்கள் திறக்கின்றன.

இவை பாராட்டப்பட வேண்டியவை. ஆனாலும், ஆவடிப் பக்கம் விற்பனையாவது முழுப் புலம் அல்ல. துண்டு துண்டான மனைகள். உட்பிரிவு செய்ய வேண்டும். சர்வேயர் வந்து சங்கிலி பிடிக்க வேண்டும். சந்து பெரிதாக இருப்பது இங்கேதான். "இந்தப் புலத்தில் இத்தனை உட்பிரிவு மனு நிலுவையில் இருக்கிறது" என்று ஒரு வரி பட்டாவின் பக்கத்திலேயே வரட்டுமே! மனு வாங்கிய புத்தகம் அதே இலாகாவில்தானே இருக்கிறது? ஓர் அட்டவணையைக் கூடச் சேர்ப்பதற்கு ஆகும் செலவு, ஏமாந்த ஒரு குடும்பத்தின் நஷ்டத்துக்கு ஈடாகுமா?

பக்கத்து மாநிலமும் பக்கத்துக் கண்டமும்

கர்நாடகத்தில் "பூமி" என்ற திட்டத்தில் சுமார் 2 கோடி நிலக் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்த வேலை அது. 15 ரூபாய் கொடுத்தால் விவசாயிக்கு நகல் கிடைத்தது. கையால் எழுதிய நகல் செல்லாது என்று ஆக்கினார்கள். பிறகு அங்கும் பதிவுக் கணக்கையும் நிலக் கணக்கையும் சேர்த்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் வேறு வழி. தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் 1858-ல் ஒரு சட்டம் கொண்டு வந்தார். துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்தவர் அவர். கப்பல்களுக்கு ஒரே பதிவேடு இருப்பதுபோல் நிலத்துக்கும் ஒரே பதிவேடு என்றார். அந்தப் பதிவேட்டில் பெயர் இருந்தால் அவரே சொந்தக்காரர். சர்க்காரே ஜாமீன்!

"இங்கும் அப்படிச் செய்தால் என்ன? ஐந்து புத்தகத்தையும் கொளுத்திவிட்டு ஒரே புத்தகம் போட்டுவிடலாமே!" என்று சிலர் கேட்கிறார்கள். அவசரப்பட்டு அப்படிச் செய்வது புத்திசாலித்தனம் ஆகாது. நம் நாட்டில் பட்டா என்பது வரிக் கணக்கு. பட்டாவில் பெயர் மாறியதால் மட்டும் நிலம் சொந்தமாகிவிடாது என்று சுப்ரீம் கோர்ட்டு பலமுறை தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஐந்து புத்தகங்களும் ஒன்றையொன்று காட்டிக் கொடுக்கின்றன. பட்டாவில் ஒரு பெயரும் பத்திரத்தில் வேறு பெயரும் இருந்தால்தான், "ஏதோ கோளாறு" என்று குடும்பம் விழித்துக் கொள்ளும். ஒரே புத்தகமாக அடித்து எழுதினால், எழுதியவர் செய்த தவறே சத்தியமாகிவிடும்.

அதனால்தான் வியூ நல்லது. புத்தகங்கள் அவரவர் இடத்தில் இருக்கின்றன. பொறுப்பும் அவரவரிடம் இருக்கிறது. பார்க்கிறவருக்கு மட்டும் ஒரே பக்கம். முரண்பாடு இருந்தால் அதை மூடி மறைக்காமல், சிவப்பு மையில் காட்டுகிற பக்கமாக அது இருக்க வேண்டும்.

யார் பார்க்கலாம்?

எல்லாவற்றையும் சேர்க்கத் தொடங்கினால் நிற்கத் தெரியாமல் போகும். நிலத்தோடு ஆளைச் சேர். ஆளோடு பாங்கிக் கணக்கைச் சேர். அதோடு ஆஸ்பத்திரிச் சீட்டையும் சேர் என்று ஆசை வளரும். அது வேண்டாம். "இந்த மனை யாருடையது?" என்ற கேள்விக்கு வாங்குகிறவருக்குப் பதில் வேண்டும். "இந்த ஆளுக்கு எங்கெங்கே சொத்து?" என்ற கேள்விக்குத் தெருவில் போகிறவருக்கு எதற்குப் பதில்? ஒரு விதவைக்கு எத்தனை சென்ட் நிலம் இருக்கிறது என்று ஊர் முழுவதும் தெரிந்தால், அவள் வீட்டு வாசலில் யார் வந்து நிற்பார்கள் என்று யோசிக்க வேண்டும்.

வியூவுக்கு இதிலும் ஒரு நல்ல குணம் உண்டு. அது ஜன்னலைப் போல அகலமாகவும் வைக்கலாம், குறுகலாகவும் வைக்கலாம். பாங்கிக்காரருக்கு ஒரு ஜன்னல். தாசில்தாருக்கு ஒரு ஜன்னல். பொதுமக்களுக்கு ஒரு ஜன்னல். தேவையான கட்டங்களை மட்டும் காட்டி மற்றதைத் திரை போட்டு வைக்க முடியும். எந்த ஜன்னல் வழியாக யார் எட்டிப் பார்த்தார் என்று எழுதி வைக்கவும் முடியும். ஆதார் எண், டெலிபோன் எண் போன்றவை பொது ஜன்னலில் வரவே கூடாது.

வாங்குகிறவர் என்ன செய்ய வேண்டும்?

கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம். பட்டாவில் உள்ள சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். அதே எண் பத்திரத்தில் இருக்கிறதா? இல்லை என்றால், பழைய எண்ணா என்று கேளுங்கள். பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அ பதிவேட்டில் அந்த எண் புறம்போக்கு, நீர்நிலை, கோயில் நிலம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். புலப்படத்தில் உள்ள அளவும் பத்திரத்தில் உள்ள அளவும் ஒத்து வருகின்றனவா என்று கணக்குப் போடுங்கள். வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண் இருந்தால் அவளே போட்டுக் கொடுப்பாள்.

பிறகு, மூலப் பத்திரங்களை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். நேரில் போய் நிலத்தைப் பாருங்கள். பக்கத்து மனைக்காரரிடம் பேசுங்கள். கோர்ட்டு வழக்கும், பங்காளிச் சண்டையும் எந்த வியூவிலும் வருவதற்கு முன்பு அவர் வாயில்தான் வரும்.

சர்க்கார் செய்ய வேண்டியதும் பெரிய காரியம் அல்ல. ஐந்து விவரமும் வரும் பக்கத்தில், ஒவ்வொரு வரிக்கும் எதிரே இரண்டு சொற்கள் கூடுதலாக அச்சடித்தால் போதும். இது எந்த இலாகாவின் புத்தகத்திலிருந்து வந்தது. அந்தப் புத்தகம் கடைசியாக எந்தத் தேதியில் மாறியது. வில்லங்க வரிக்கு எதிரே "இன்று காலை வரை" என்றும், அளவு வரிக்கு எதிரே "1987-க்குப் பிறகு அளக்கப்படவில்லை" என்றும் இருந்தால், சர்வேயரைக் கூப்பிட வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்து கொள்ளும்.